டூரின் முதல் டுரினி வரை: லான்சியா டெல்டாவின் தடத்தில்

திங்கள், டூரின்

ரேலிப் பந்தயம் மூடிய தடத்தில் நடப்பதன்று. மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்தும் பால் வண்டியும் போகும் மலைச் சாலையைச் சில மணி நேரம் அடைத்து, கார்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிடுவது அது. அந்தச் சாலையில் ஓடும் கார், கடையில் விற்கும் காரிலிருந்து உருவானதாகவே இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் அதன் அடிப்படை விதியாக இருந்தது. எத்தனை கார்கள் செய்திருக்க வேண்டும் என்ற எண் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. அந்த எண் மாறியபோதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய காரின் இயல்பும் சேர்ந்தே மாறியது. இதை ஏட்டில் படித்தறிவதோடு நிறுத்தாமல், இத்தாலிய நிறுவனமான லான்சியாவின் டெல்டா போன்ற அந்தக் கார்கள் பிறந்த ஊரையும் அவற்றைச் செதுக்கிய சாலைகளையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற நெடுநாள் விருப்பத்தில், பிப்ரவரியின் கடைசி வாரத்தில் இத்தாலியின் டூரின் நகரத்துக்கு வந்திருக்கிறேன். இங்கிருந்து சான்ரேமோ, பிறகு பிரான்சின் கோல் தெ டுரினி கணவாய், இறுதியாக மொனாக்கோ என்பது திட்டம்.

முதல் பொழுது முழுவதும் மிராஃபியோரி பகுதியில் உள்ள ஹெரிட்டேஜ் ஹப்பில் கழிந்தது. ஒரு காலத்தில் ஃபியட்டின் கியர்பாக்ஸ் தொழிற்கூடமாக இருந்த அந்தக் கட்டடத்தில் 2019 முதல் லான்சியா, ஃபியட், ஆல்ஃபா ரோமியோ, அபார்த் கார்கள் 250க்கும் மேல் வைக்கப்பட்டிருக்கின்றன. முன்பதிவு செய்தவர்களை வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்கிறார். கூடத்தின் இரும்புத் தூண்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசித் தொழிற்சாலையின் தோற்றத்தை அப்படியே காத்திருக்கிறார்கள். ரேலிக் கார்கள் பக்கம் வந்ததும் குழுவிலிருந்து நான் பின்தங்கிவிட்டேன்.

வரிசையில் மூத்தது ஃபுல்வியா 1.6 எச்எஃப். நான்கு சிலிண்டர்களைக் குறுகிய கோணத்தில் அடக்கிய வி4 என்ஜினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட சிறிய கூப்பே. சிசேரே ஃபியோரியோ 1963இல் எச்எஃப் ஸ்குவாட்ரா கோர்சே என்ற அணியைத் தொடங்கியபோது, பெரிய நிறுவனத்தின் பந்தயப் பிரிவு என்று சொல்லத்தக்க எதுவும் லான்சியாவிடம் இல்லை. 1972இல் சாந்த்ரோ முனாரி இந்தக் காரில் மான்டே கார்லோ ரேலியை வென்றார். அதைவிட ஆற்றல் மிக்க போர்ஷே 911, ஆல்பைன் கார்களுக்கு நடுவே கிடைத்த அந்த வெற்றிதான், ரேலிக்குப் பணம் செலவழிக்கலாம் என்ற துணிவை லான்சியாவுக்குக் கொடுத்தது.

அந்தத் துணிவின் விளைவு பக்கத்திலேயே நிற்கிறது: ஸ்ட்ராட்டோஸ். கடையில் விற்கும் காரை ரேலிக்கு மாற்றுவதற்குப் பதிலாக, ரேலிக்கென்றே ஒரு காரை வடிவமைத்து, விதி கேட்கும் அளவுக்கு மட்டும் அதைச் செய்து விற்றுவிடலாம் என்று முதலில் துணிந்தவர்கள் இவர்கள்தாம். பெர்தோனே நிறுவனத்தில் மார்செல்லோ காந்தினி வரைந்த ஆப்பு வடிவ உடல். நடுவில், குறுக்காக, ஃபெராரியின் டினோ வி6 என்ஜின். முன்பின் சக்கரங்களுக்கு இடையே வெறும் 2,180 மில்லிமீட்டர். சாலை வடிவத்தில் 190 குதிரைத்திறன். 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலக சாம்பியன்ஷிப் அதற்கே கிடைத்தது. 1975 முதல் மூன்று முறை தொடர்ந்து முனாரி அதில் மான்டே கார்லோவை வென்றார். கதவின் உட்புறத்தில் உள்ள பெரிய குழி தலைக்கவசம் வைப்பதற்காக அமைக்கப்பட்டது. சாதாரண வாடிக்கையாளருக்கு விற்ற காரிலும் அந்தக் குழி உண்டு. யாருக்காக இந்தக் கார் செய்யப்பட்டது என்பதை அந்த ஒரு விவரமே சொல்லிவிடுகிறது.

அடுத்து 037, அதற்கடுத்து டெல்டா எஸ்4. 1982இல் வந்த குரூப் பி என்ற பந்தயப் பிரிவின் விதிப்படி 200 கார்கள் செய்தால் போதும். எண்ணிக்கை 200 என்று குறைந்தபோது, அந்த 200ஐ வாங்குபவர் யார், எப்படி ஓட்டுவார் என்று எந்த நிறுவனமும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 037 பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டது. ஆயினும் 1983இல் நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஆடி குவாட்ரோவை முந்தித் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. இரண்டு சக்கர இயக்கத்தோடு அந்தப் பட்டம் பெற்ற கடைசிக் கார் அதுவே. மறு ஆண்டு மான்டே கார்லோவில் முதல் மூன்று இடங்களையும் குவாட்ரோ எடுத்துக்கொண்டது. அதற்கான பதில்தான் எஸ்4.

எஸ்4இன் என்ஜின் கொள்ளளவு 1,759 கனசென்டிமீட்டர். இந்த விந்தையான எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் பொருத்திய என்ஜினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவில் ஓடுவது என்று முடிவு செய்வார்கள். 1,759ஐ 1.4ஆல் பெருக்கினால் 2,463க்குச் சற்றுக் குறைவாக வரும். 2,500க்கு உட்பட்ட பிரிவில் குறைந்தபட்ச எடை 890 கிலோ மட்டுமே. எனவே காரை எடை குறைவாகக் கட்டலாம். குறைந்த சுழற்சியில் சூப்பர்சார்ஜர், மிகுந்த சுழற்சியில் டர்போ என்று இரண்டையும் ஒரே என்ஜினில் வைத்து, டர்போ விழித்தெழும் வரை காத்திருக்கும் இடைவெளியையும் இல்லாமல் ஆக்கினார்கள். பொறியியலாக எண்ணினால் தலை வணங்கத்தான் வேண்டும். ஆனால் 1986 மே 2 அன்று கோர்சிகாவில் ஹென்றி டொய்வோனனும் இணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்தோவும் இதே காரில் சரிவில் விழுந்து தீயில் மாண்டார்கள். அதற்கு இரு மாதங்கள் முன்பு போர்ச்சுகலில் ஃபோர்டு கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் உயிரிழந்திருந்தனர். அந்த ஆண்டோடு குரூப் பி முடிக்கப்பட்டது. எஸ்4 முன்னால் நின்றபோது அதன் அழகைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய், டூரினும் கிவாசோவும்

காலையில் போர்கோ சான் பாவ்லோ பகுதியில் உள்ள பழைய லான்சியா தலைமையகக் கோபுரத்தைப் பார்த்தேன். 1950களில் நீனோ ரோசானி வடிவமைத்தது. கீழே தெரு ஒன்று அதன் ஊடாகப் போகிறது. இன்று லான்சியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஃபியட்டின் பந்தயப் பிரிவான அபார்த் அணி இயங்கிய கோர்சோ மார்கே தெரு வழியாகவும் போனேன். வெளியிலிருந்து பார்ப்பதற்கு அங்கு அதிகமில்லை. இன்றைய நாளின் சாரம் நகரத்துக்கு வடகிழக்கே, கிவாசோவில் இருந்தது.

டெல்டாவின் நான்கு சக்கர இயக்க வடிவமான இன்டெக்ராலே கார்கள் கிவாசோ தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. 1990களின் தொடக்கத்தில் லான்சியா அங்கிருந்து விலகிய பிறகும், மஜ்ஜோரா என்ற உடற்கூட்டு நிறுவனம் அதே வளாகத்தில் கடைசி இன்டெக்ராலேக்களைக் கட்டியது. ஊரின் ஓரத்தில் இந்தக் கார்களை மட்டும் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில், நண்பர் ஒருவரின் பரிந்துரையால், அரை நாள் உட்கார அனுமதி கிடைத்தது. லிஃப்டில் தூக்கி வைத்திருந்த 16 வால்வு இன்டெக்ராலே ஒன்றின் அடியில் நின்று, முன்னிருந்து பின்வரை ஆற்றல் போகும் வழியை அங்கிருந்த பெரியவர் ஒருவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் கியர்பாக்ஸ், அதனுடன் சேர்ந்து நடு டிஃபரென்ஷியல். 16 வால்வு வடிவத்தில் அது ஆற்றலில் 47 பங்கை முன்சக்கரங்களுக்கும் 53 பங்கைப் பின்சக்கரங்களுக்கும் பிரிக்கிறது. 1986இல் வந்த முதல் டெல்டா எச்எஃப் 4டபிள்யூடியில் முன்னுக்கு 56, பின்னுக்கு 44. முன்பக்கம் கூடுதலாக இழுத்ததால் வளைவில் மூக்கு வெளியே தள்ளியது என்று ஓட்டுநர்கள் சொல்ல, பொறியாளர்கள் அதைத் திருப்பிவிட்டார்கள். ரேலியில் எழுந்த குறை ஒன்று, கடையில் வாங்கியவரின் காரிலும் தீர்ந்தது.

நடு டிஃபரென்ஷியலோடு ஃபெர்குசன் விஸ்கஸ் கப்ளிங் ஒன்று இணைந்திருக்கிறது. அடைத்த உருளைக்குள் மெல்லிய உலோகத் தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று முன்பக்க அச்சோடும் பின்பக்க அச்சோடும் சேர்ந்தவை. இடையில் சிலிக்கோன் திரவம். ஒருபுறச் சக்கரங்கள் பனியில் வழுக்கிச் சுழன்றால் தட்டுகளின் வேகம் வேறுபடும். கேழ்வரகுக் கூழ் கிண்டக் கிண்டக் கெட்டிப்படுவதைப் போல, சூடேறும் திரவம் தட்டுகளைப் பிணைத்து, பிடிமானம் உள்ள சக்கரங்களுக்கு ஆற்றலைத் தள்ளும். பின் அச்சில் பற்சக்கரங்களாலேயே அதே வேலையைச் செய்யும் டார்சன் டிஃபரென்ஷியல். கணினியோ உணரியோ எதுவும் இல்லை. ஓட்டுபவருக்கு எந்தப் பொத்தானும் இல்லை.

குரூப் ஏ விதியின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. 1987 முதல் ரேலியின் தலைமைப் பிரிவான அதில் ஓட, 12 மாதங்களில் 5,000 கார்கள் செய்திருக்க வேண்டும். அந்தக் காரின் உடலை மாற்றக் கூடாது. 200 கார்களை விளம்பரச் செலவாக எழுதிவிடலாம். 5,000 கார்களை அப்படி எழுத முடியாது, உண்மையாகவே விற்றாக வேண்டும். ஆக, அந்தக் காரில் பின்னிருக்கை வேண்டும், சாமான் வைக்க இடம் வேண்டும், காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரத் தகுதியாக இருக்க வேண்டும். அதே சமயம் பனியிலும் சரளையிலும் உலகப் பட்டம் வெல்ல வேண்டும். ஜார்ஜெத்தோ ஜுஜாரோ வரைந்து 1979இல் வந்த டெல்டா, ஐந்து கதவுகள் கொண்ட குடும்பக் கார். 1980இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருது பெற்றது. ரேலியை மனத்தில் வைத்து யாரும் அதை வரையவில்லை.

பெரியவர் சக்கர வளைவின் வீக்கத்தைத் தட்டிக் காட்டி, "இதை அழகுக்காகச் செய்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ரேலிக் காருக்கு அகலமான டயர் வேண்டியிருந்தது. உடலை மாற்ற விதி விடவில்லை. அதனால் விற்கிற காரையே வீங்க வைத்தார்கள்" என்றார். அந்தக் கண்ணோடு பார்த்தால் இன்டெக்ராலேயின் ஒவ்வொரு புடைப்புக்கும் காரணம் புலப்படுகிறது. பானெட்டில் உள்ள மேடு, உயரமான 16 வால்வு என்ஜின் தலைக்காக. முன்பக்கக் காற்றுத் துளைகள், டர்போவையும் ஆயிலையும் குளிர்விக்க. 1991இல் வந்த எவல்யூஷன் வடிவத்தில் சக்கரத் தடம் அகன்றது. சக்கரத்துக்கு நான்கு போல்ட்டுக்குப் பதில் ஐந்து. கூரையின் பின்விளிம்பில் கோணம் மாற்றக்கூடிய ஸ்பாய்லர். 165 குதிரைத்திறனில் தொடங்கிய கார் 185, ஏறத்தாழ 200, 210, கடைசியாக 1993இல் 215 என்று வளர்ந்தது. விதி கேட்ட எண்ணைப் போலப் பல மடங்கு கார்கள் விற்றுப்போயின. இப்படியொரு வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறது என்பதை அதற்கு முன் எந்தச் சந்தை ஆய்வும் கண்டுபிடித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பட்டறையிலிருந்து கிளம்பும்போது அந்தப் பெரியவர் சாவியை என்னிடம் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை; ஆனால் தன் பக்கத்தில் உட்காரவைத்துப் போ நதிக்கரைச் சாலையில் ஒரு சுற்று அழைத்துப்போனார். இரண்டாவது கியரில் 3,000 சுழற்சிக்கு மேல் டர்போ தள்ளத் தொடங்கியதும் உடல் இருக்கையில் அழுந்துவது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, குண்டும் குழியுமான அந்தச் சாலையில் காரின் நிதானம். சஸ்பென்ஷன் மேடுபள்ளங்களை மென்மையாக உள்வாங்கிக்கொண்டது. ஜெர்மன் பந்தயத் தடத்தில் நேரம் பார்த்துச் செதுக்கப்படும் இன்றைய வேகக் கார்களிடம் இந்தக் குணம் அரிது.

புதன், சான்ரேமோவுக்குப் பின்னுள்ள மலைகள்

வாடகைக்கு எடுத்த சிறிய காரில் சவோனா வரை தெற்கே இறங்கி, அங்கிருந்து கடலோர நெடுஞ்சாலையைப் பிடித்தேன். சுரங்கப்பாதையும் பாலமும் மாறி மாறி வரும் அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சான்ரேமோவில் நெடுஞ்சாலையை விட்டு விலகி சான் ரொமோலோ நோக்கி ஏறத் தொடங்கியதும் உலகம் மாறுகிறது. சரிவுகளில் மிமோசா மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. ஒரு கார் போனால் எதிரே வருவது ஒதுங்க வேண்டிய அகலம். ஒருபுறம் கல் சுவர், மறுபுறம் ஒலிவத் தோப்பின் பள்ளம்.

இந்த ஊரின் ரேலி 2003 வரை உலக சாம்பியன்ஷிப்பில் இடம்பெற்றிருந்தது. 1980களில் அது இரண்டு முகம் கொண்டது: இங்கே லிகூரியாவில் தார்ச்சாலை, தஸ்கனியில் சரளைச் சாலை. ஒரே வாரத்தில் ஒரே கார் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். 1981 அக்டோபரில் மிஷெல் மூட்டோன் ஆடி குவாட்ரோவில் இந்த ரேலியை வென்றார். உலக ரேலி சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றில் பெண் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது. இணை ஓட்டுநராகப் பக்கத்தில் குறிப்பு வாசித்தவர் டூரினைச் சேர்ந்த ஃபாப்ரிட்சியா போன்ஸ். அடுத்த ஆண்டு மூட்டோன் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் ஆகிய மூன்று சுற்றுகளை வென்று சாம்பியன் பட்டத்துக்கு மிக அருகில் வந்து இரண்டாமிடம் பெற்றார். குவாட்ரோ நான்கு சக்கர இயக்கத்தை ரேலிக்குக் கொண்டுவந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று முதலில் கற்றுக் காட்டியவர்களுள் மூட்டோனும் ஒருவர் என்பதையும் அதே அழுத்தத்தோடு எழுத வேண்டும்.

பயார்தோ, அப்ரிகாலே, பெரினால்தோ என்று மலை முகட்டுக் கிராமங்கள் வழியாகச் சுற்றினேன். (பெரினால்தோ, சனிக்கோளின் வளையங்களுக்கு இடையே உள்ள பிளவைக் கண்ட வானியலாளர் காசினி பிறந்த ஊர்.) கிம்பெனியா கணவாய்க்கு மேல் தொடர்ந்து வரும் வளைவுகளில் எதுவும் முந்தியதைப் போல் இல்லை: ஒன்று போகப் போக இறுகுகிறது, ஒன்று நடுவில் சரிகிறது, ஒன்றின் முடிவில் வீட்டுச் சுவர் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இணை ஓட்டுநரின் குறிப்பு இல்லாமல் இதை வேகமாக ஓட்டுவது நடவாத காரியம். ஒத்திகைப் பயணத்தில் மெதுவாக ஓட்டியபடி, ஒவ்வொரு வளைவின் கோணத்தையும் நீளத்தையும் அது இறுகுமா விரியுமா என்பதையும் ஓட்டுநர் சொல்ல, இணை ஓட்டுநர் எழுதிக்கொள்கிறார். பந்தயத்தன்று கண்ணுக்குத் தெரியும் வளைவை ஓட்டுநர் கடந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததை இவர் வாசித்துவிட வேண்டும். ஓட்டுநர் ஓட்டுவது, கண்ணால் காணும் சாலையைவிடக் காதால் கேட்கும் சாலையைத்தான்.

இந்த மலைகளில் இன்னொன்றும் நடந்தது. 1997இல் உலக ரேலிக் கார் என்ற புதிய பிரிவு வந்து, நான்கு சக்கர இயக்கமோ டர்போவோ இல்லாத சாதாரண காருக்கு அவற்றைப் பந்தயத்துக்கு மட்டும் பொருத்திக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. பிற நிறுவனங்கள் அதன் பின்னே போக, மிட்சுபிஷி மட்டும் பழைய குரூப் ஏ விதியிலேயே லேன்சர் எவல்யூஷனை ஓட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் எவோ 4, 5, 6 என்று வாங்குபவருக்கும் புதிது புதிதாகக் கிடைத்தன. லேன்சர் எவல்யூஷன் வரிசைக் கார்களில் டோம்மி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு முறை சாம்பியன் ஆனார். அந்தப் பிடிவாதம் முடிந்து, லேன்சரின் உலக ரேலிக் கார் வடிவம் முதன்முதலில் களமிறங்கியது 2001 சான்ரேமோவில்தான்.

வியாழன், கோல் தெ டுரினி

வென்டிமிலியாவிலிருந்து ரோயா ஆற்றின் பள்ளத்தாக்கில் ஏறி, பிரெய் ஊரைத் தொட்டு, புரூய் கணவாயைக் கடந்து சொஸ்பெல் வந்து சேர்ந்தேன். சொஸ்பெல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர். டுரினி கணவாய் 1,607 மீட்டர். இடையில் சுமார் 24 கிலோமீட்டர்தான். பியோன் மலையிடுக்கில் சாலை பாறையைக் குடைந்து ஏறுகிறது. மெனூர் மாதா கோயிலுக்குப் போகும் படிக்கட்டுப் பாலம் சாலைக்கு மேலாகக் குறுக்கே செல்கிறது. மூலினே கிராமம் வரை தார் காய்ந்திருந்தது. அதற்கு மேல் பைன் காட்டின் நிழல் விழும் இடங்களில் மட்டும் ஈரம், பிறகு மெல்லிய பனிப்படலம், உச்சியை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் முழங்கால் உயரப் பனி.

மான்டே கார்லோ ரேலியின் கடினம் முழுவதும் இந்த ஏற்றத்தில் விளங்கிவிடுகிறது. முழுக்கப் பனி என்றால் ஆணி பதித்த டயர் போதும். முழுக்க உலர்ந்த தார் என்றால் மழமழப்பான ஸ்லிக் போதும். இங்கோ ஒரே கட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. ஆணி டயர் உலர்ந்த தாரில் ஆணியை இழந்து தடுமாறும். ஸ்லிக் பனிக்கட்டியில் எதையும் பற்றாது. ஒவ்வொரு அணியும் தன் ஆட்களைச் சில மணி நேரம் முன்னதாகச் சாலையில் அனுப்பி, எந்த வளைவில் பனிக்கட்டி இருக்கிறது என்பதைக் குறிப்பில் வண்ணமிட்டுத் திருத்துகிறது. சில நேரம் முன் இடமும் பின் வலமும் ஆணி டயர், மற்ற இரண்டும் ஸ்லிக் என்று குறுக்காக மாட்டிக்கொண்டு போகிறார்கள். அப்போது இடப்பக்க வளைவிலும் வலப்பக்க வளைவிலும் கார் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அதையும் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்.

1973 ஜனவரியில் உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் முதல் போட்டியாக மான்டே கார்லோ நடந்தபோது முதல் மூன்று இடங்களையும் பிரான்சின் ஆல்பைன் ஏ110 பிடித்தது. என்ஜின் பின்னால், உடல் கண்ணாடி இழையில், எடை மிகக் குறைவு. 1981இல் இதே ரேலியில் குவாட்ரோ முதல் கட்டங்களிலேயே முன்னிலை பெற்று, ஹன்னு மிக்கோலா விபத்தில் விலக, நடுவில் என்ஜின் வைத்த ரெனோ 5 டர்போவில் ழான் ராஞ்ஞோத்தி வென்றார். 1986இல் ஹென்றி டொய்வோனன் எஸ்4இல் வென்றது, அவருடைய தந்தை பௌலி இதே ரேலியை வென்று 20 ஆண்டுகள் கழித்து. அதன் மறு ஆண்டு, எஸ்4இன் பாதிக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலே கொண்ட டெல்டா எச்எஃப் 4டபிள்யூடியில் மிக்கி பியாசியோன் வென்றார். 1987 முதல் 1992 வரை ஆறு மான்டே கார்லோக்களில் ஐந்து டெல்டாவுக்கு. 1991இல் மட்டும் கார்லோஸ் சாயின்ஸ் டொயோட்டா செலிகாவில் குறுக்கே வந்தார்.

மற்றவர்கள் ஏன் தயாராக இருக்கவில்லை என்று கேட்கலாம். குரூப் பி திடீரென நிறுத்தப்பட்டபோது, இரண்டு லிட்டர் டர்போவையும் நான்கு சக்கர இயக்கத்தையும் சிறிய உடலில் சேர்த்து 5,000 கார்கள் செய்யும் நிலையில் இருந்தது லான்சியா மட்டுமே. மாஸ்டா 323இன் என்ஜின் சிறியது. ஆடி 200 மிகப் பெரியது. பிஎம்டபிள்யூ எம்3, ஃபோர்டு சியெரா காஸ்வொர்த் இரண்டும் பின்சக்கர இயக்கம். அதிர்ஷ்டம் உண்டு என்றாலும், அடுத்த ஆறு ஆண்டுகளும் முதலிடத்தைக் காத்தது அதிர்ஷ்டத்தால் அன்று. ஆண்டுதோறும் காரைத் திருத்தி, திருத்தியதை மறுபடியும் ஆயிரக்கணக்கில் விற்று அங்கீகாரம் வாங்கியதால்.

உச்சியில் சாலைகள் கூடும் இடம் ஒரு சிறிய சதுக்கம் அளவே இருக்கும். ரேலி இரவில் ஆயிரக்கணக்கானோர் இங்கே நிற்பார்கள். உலர்ந்த தாரில் பனியை அள்ளிப் போடும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அதை வேடிக்கை என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வருபவரின் கீழிருந்து பிடிமானத்தை உருவுவது விளையாட்டாகாது. விடுதியின் உணவறைச் சுவர் முழுவதும் ரேலிப் படங்கள். வெங்காய சூப் அருந்தியபடி அவற்றைப் பார்த்துவிட்டு, மறுபுறம் லா பொல்லேன் வெசுபி நோக்கி இறங்கினேன். அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியருக்கு மேல் போக எனக்கு வாய்ப்பு ஏற்படவில்லை.

குளிர்காலத்தில் இங்கே வர நினைப்பவர்களுக்கு: பிரான்சின் மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம். கார் எடுக்கும்போதே டயரின் பக்கவாட்டில் மலைமுகடும் பனிப்படிகமும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

வெள்ளி, மொனாக்கோ

1911இல் தொடங்கிய மான்டே கார்லோ ரேலி இன்றும் மொனாக்கோவில்தான் முடிகிறது. துறைமுகத்தில் இன்று படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெருக்களில் ஃபெராரியும் லம்போர்கினியும் ஒன்றையொன்று உரசாத குறையாக ஊர்ந்தன. எனக்குப் பிடித்த கார் ஒன்று துறைமுகத்துக்கு மேலுள்ள தெருவில் நின்றது: வெள்ளை டொயோட்டா ஜிஆர் யாரிஸ், சக்கரங்களில் மலைச் சாலையின் உப்பு படிந்திருக்க.

டெல்டாவுக்குப் பிறகு நடந்ததை அந்தக் கார் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். 1993இல் தேவையான எண்ணிக்கை 2,500 ஆகக் குறைந்தது. அந்த விதியில் ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் காஸ்வொர்த் வந்தது, சுபாரு இம்ப்ரெசாவும் லேன்சர் எவல்யூஷனும் வளர்ந்தன. 1997இன் தளர்வுக்குப் பிறகு பியூஷோ 206 உலக ரேலிக் கார் 2000 முதல் மூன்று ஆண்டுகள் தயாரிப்பாளர் பட்டம் வென்றது. அதன் பெயரில் வாங்குபவருக்குக் கிடைத்தது 206 ஜிடி. பந்தயக் காரின் குறைந்தபட்ச நீளமான நான்கு மீட்டரை எட்ட, பம்பர்களை நீட்டி 4,000 கார்கள் செய்தார்கள். டர்போவும் இல்லை, நான்கு சக்கர இயக்கமும் இல்லை. உலகப் பட்டம் வென்ற காரிலிருந்து வாடிக்கையாளருக்கு வந்து சேர்ந்தது நீண்ட பம்பர் மட்டுமே.

அந்த வழக்கத்தை உடைத்துத் திரும்பி வந்தது 2020இல் அறிமுகமான ஜிஆர் யாரிஸ். மூன்று சிலிண்டர் 1.6 லிட்டர் டர்போ, ஐரோப்பாவில் 261 குதிரைத்திறன், முன்புறம் சிறிய யாரிஸின் அடித்தளமும் பின்புறம் அதைவிடப் பெரிய காரின் அடித்தளமும் சேர்த்துத் தைத்த உடல், கார்பன் கூரை, மூன்று கதவுகள். கூரையைத் தாழ்த்தியது பின் இறக்கைக்குக் காற்று சீராகப் போவதற்காக. ரேலிக்காகவே சிந்தித்த கார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெருந்தொற்றால் அதன் ரேலி வடிவத்தின் வேலை நின்றுபோனது. 2022இல் வந்த ரேலி1 விதி குழாய்ச் சட்டக உடலை அனுமதித்ததால், தலைமைப் பிரிவில் ஓடும் யாரிஸுக்கும் கடையில் விற்கும் யாரிஸுக்கும் தோற்றம் தவிரப் பொதுவானது கொஞ்சமே. அதற்கு அடுத்த பிரிவான ரேலி2இல் 2024இல் வந்த யாரிஸில்தான் அந்த உறவு உண்மையானது.

லான்சியாவும் 2026இல் இப்சிலான் ரேலி2 எச்எஃப் இன்டெக்ராலே என்ற பெயரோடு ரேலிக்குத் திரும்பியிருக்கிறது. அதை உருவாக்குவதில் மிக்கி பியாசியோனும் துணை நின்றார். 1.6 லிட்டர் டர்போ, நான்கு சக்கர இயக்கம். கடையில் கிடைக்கும் இப்சிலான் எச்எஃப் 280 குதிரைத்திறன் கொண்ட மின்சாரக் கார், முன்சக்கர இயக்கம். இன்டெக்ராலே என்ற பெயர் வாடிக்கையாளரின் காரில் இல்லை. எச்எஃப் கார்களின் யானைச் சின்னத்தை மறுபடி கண்டதில் மகிழ்ச்சி அடைந்தவன் நான். ஆயினும் கிவாசோவில் லிஃப்டுக்கு அடியில் நின்று பார்த்ததை மனத்தில் வைத்துச் சொல்கிறேன், இது பாதி வேலை.

2027இல் வரவிருக்கும் விதியும் குழாய்ச் சட்டகக் கார்களையே தொடர்கிறது. ஒரு காரின் செலவுக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு வைத்து, கார் நிறுவனம் அல்லாதவர்களும் தாமே கார் கட்டிப் போட்டியிட வழி திறக்கிறது. செலவு குறைவதும் அணிகள் கூடுவதும் நல்லவை. அவற்றை எதிர்க்கக் காரணமில்லை. ஆனால் கார் நிறுவனமாகவே வருபவர்களுக்கு மட்டுமாவது, அதே இயக்கமும் அதே என்ஜின் வகையும் கொண்ட 2,500 கார்களை விற்றுவிட்டு வாருங்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். 200 என்றால் 037ஐப் போல, எஸ்4ஐப் போலப் பணக்காரர்களின் கொட்டகையில் போய் நிற்கும். 25,000 என்றால் எந்தக் கணக்குப் பிரிவும் ஒப்பாது. 2,500 கார்களை விற்க முடியும் என்பதை எஸ்கார்ட் காஸ்வொர்த் காட்டியது. அதைவிடப் பெரிய கூட்டம் இன்றும் காத்திருக்கிறது என்பதை ஜிஆர் யாரிஸ் காட்டிக்கொண்டிருக்கிறது.